பெயரறியா எண்ணும் பெயரிட்ட மொழியும்: கொச்சி நாட்டு இயற்கணித மரபும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

முன்னுரை

இயற்கணிதம் என்றவுடன் எழுத்துகளும் குறிகளும் நிறைந்த பக்கமே மனத்தில் தோன்றும். எழுத்தும் குறியும் இன்றி இயற்கணிதம் இல்லை என்னும் எண்ணம் கல்வியுலகில் வேரூன்றியுள்ளது. தமிழில் இயற்கணிதம் ஐரோப்பியக் கல்வியோடு வந்திறங்கிய பொருள் என்னும் கருத்துக்கும், அதன் கலைச்சொற்கள் யாவும் ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாகத் தேடிப் பொருத்தப்பட்டவையே என்னும் கருத்துக்கும் இவ்வெண்ணமே அடிப்படையாக உள்ளது. இக்கருத்துகளைக் கொச்சி நாட்டோடு தொடர்புடைய கணித மரபின் துணைகொண்டு மீளாய்வு செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அறியாத எண்ணுக்குப் பெயரிட்டு, அப்பெயரை வைத்துக்கொண்டே கணக்கைச் சுருக்கி விடை காணும் முறை, குறியீடுகள் பரவுவதற்கு முன்பே தமிழின் உடன்பிறந்த மொழியாகிய மலையாளத்தில் உரைநடையாக எழுதப்பட்டது. அம்முறையை அறிந்துகொள்வது தமிழ்க் கணிதக் கலைச்சொற்களின் நிறைவையும் குறையையும் மதிப்பிடத் துணைபுரியும்.

மட்டாஞ்சேரியும் அதன் பின்னிலமும்

கொச்சியை ஆண்ட பெரும்படப்புச் சொரூபத்தாரின் அரண்மனை மட்டாஞ்சேரியில் உள்ளது. ஏறத்தாழ 1555இல் போர்ச்சுகீசியர் கட்டிக்கொடுத்து, 1663ஆம் ஆண்டை ஒட்டி டச்சுக்காரர் புதுப்பித்தமையால் அது ‘டச்சு அரண்மனை’ என்றே இன்றும் வழங்குகிறது. அரண்மனையைச் சூழ்ந்த கடைத்தெருக்களில் மிளகும் ஏலமும் இஞ்சியும் விலைபேசப்பட்டன. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழி பேசுவோர் அங்கு வாழ்ந்தனர். எடையும் விலையும் வட்டியும் கணக்கிடும் தேவை நாள்தோறும் எழுந்த துறைமுகம் அது.

தமிழ் அச்சு வரலாற்றிலும் கொச்சிக்கு இடமுண்டு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, 1579இல், ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சேறியது. சமய வினாவிடையே அவ்வச்சின் பொருளாயிற்று. அதே நூற்றாண்டில் கொச்சிக்கு வடக்கே ஆற்றங்கரை ஊர்களில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கணித நூல்களோ ஓலையிலேயே நின்றன. சங்கமக் கிராமத்து மாதவன் தொடங்கிய ஆசிரிய மாணாக்கர் வழியில் நீலகண்ட சோமயாஜி 1500ஆம் ஆண்டை ஒட்டித் ‘தந்திரசங்கிரகம்’ இயற்றினார். அவ்வழியில் வந்த ஜ்யேஷ்டதேவர் ஏறத்தாழ 1530இல் ‘யுக்திபாஷை’யை எழுதினார். திருச்சூர்ப் பகுதியைச் சேர்ந்த சொவ்வரத்துச் சித்ரபானுவும் அக்காலத்தவரே. ‘லீலாவதி’க்குச் சங்கரவாரியர் எழுதத் தொடங்கி, நாராயணர் நிறைவு செய்த ‘கிரியாக்கிரமகரி’ என்னும் உரையும் அந்நூற்றாண்டினதே.

இந்நூல்களுள் யுக்திபாஷை தனித்து நோக்கத்தக்கது. அறிவியல் நூலை வடமொழிச் செய்யுளில் யாப்பதே அக்காலப் பெருவழக்கு. ஜ்யேஷ்டதேவரோ அதனை மலையாள உரைநடையில் எழுதினார். நூற்பெயரே அதன் இயல்பை உணர்த்தும். ‘யுக்தி’ என்பது காரணம். ‘பாஷை’ என்பது மக்கள் மொழி. விதியைக் கூறி விடுவதோடு அமையாமல், அவ்விதி ஏன் மெய்யாகிறது என்பதை மக்கள் மொழியில் விளக்குதலே அந்நூலின் குறிக்கோள்.

பத்து வினாக்கள்

யுக்திபாஷை கூட்டல் முதலிய எட்டு அடிப்படைச் செயல்களை முதற்கண் விளக்குகிறது. அதனையடுத்து வருவது பத்து வினாக்களைப் பற்றிய பகுதியாகும். அறியாத இரு எண்கள் உள்ளன. அவற்றை நூல் ‘இராசி’ என்னும் சொல்லால் சுட்டுகிறது. அவ்விரண்டையும் பற்றி ஐந்து செய்திகள் கூறப்படலாம்: அவற்றின் கூட்டுத்தொகை (யோகம்), வேறுபாடு (அந்தரம்), பெருக்குத்தொகை (காதம்), வர்க்கங்களின் கூட்டுத்தொகை (வர்க்கயோகம்), வர்க்கங்களின் வேறுபாடு (வர்க்காந்தரம்). இவ்வைந்தில் எவையேனும் இரண்டு தெரிந்தால் அவ்விரு எண்களையும் காணவேண்டும். ஐந்திலிருந்து இரண்டைத் தெரிவு செய்யும் வகைகள் பத்து. ஆதலின் வினாக்களும் பத்து.

எடுத்துக்காட்டாக அவ்விரு எண்கள் 7, 5 எனக் கொள்ளலாம். இவற்றின் யோகம் 12; அந்தரம் 2; பெருக்குத்தொகை 35; வர்க்கயோகம் 74; வர்க்காந்தரம் 24. வினாவப்படுபவர்க்கு 7, 5 ஆகியன தெரியா; ஐந்தில் இரண்டே தெரியும்.

யோகமும் அந்தரமும் தெரியும் வினாவே எல்லாவற்றினும் எளியது. 12உடன் 2ஐக் கூட்டினால் 14. அது பெரிய எண்ணின் இருமடங்கு. 12இலிருந்து 2ஐக் களைந்தால் 10. அது சிறிய எண்ணின் இருமடங்கு. பாதி கொண்டால் 7, 5 கிடைக்கும். கூட்டும்போது சிறிய எண் மறைவதும், களையும்போது பெரிய எண் மறைவதும் இங்குக் கவனிக்கத்தக்கன. இன்றைய வகுப்பறையில் ‘கோவையைச் சுருக்குதல்’ எனப்படுவது இம்மறைவேயாகும்.

மற்ற வினாக்கள் இவ்வெளிய வினாவை நோக்கியே நகர்கின்றன. யோகமும் பெருக்குத்தொகையும் தெரியுமானால், யோகத்தின் வர்க்கமாகிய 144இலிருந்து பெருக்குத்தொகையின் நான்கு மடங்காகிய 140ஐக் களைய 4 எஞ்சும். அதன் வர்க்கமூலம் 2. இது அந்தரம். யோகமும் வர்க்கயோகமும் தெரியுமானால், வர்க்கயோகத்தின் இருமடங்காகிய 148இலிருந்து 144ஐக் களைய மீண்டும் 4; அந்தரம் மீண்டும் 2. யோகமும் வர்க்காந்தரமும் தெரியுமானால் வகுத்தலே போதும்: 24ஐ 12ஆல் வகுக்க 2. பெருக்குத்தொகையும் வர்க்காந்தரமும் தெரியும் வினா சற்றே கடினமானது. அங்கு வர்க்கங்களையே இரு புதிய எண்களாகக் கொள்ளவேண்டும். பெருக்குத்தொகையின் வர்க்கத்தின் நான்கு மடங்கு 4900. வர்க்காந்தரத்தின் வர்க்கம் 576. இரண்டும் கூடி 5476. அதன் மூலம் 74. வர்க்கயோகம் கிட்டியது, எஞ்சியவை எளியன.

பத்து வினாக்களுக்கும் பத்துத் தனி விதிகளை மனனம் செய்தல் தேவையற்றதாகிறது. எல்லா வினாக்களும் இறுதியில் கூட்டல், களைதல், பாதி கொள்ளுதல் என்னும் முதல் வினாவில் வந்து அடங்குகின்றன. தெரியாததைத் தெரிந்ததாக மாற்றிக்கொண்டே செல்லும் இவ்வொழுங்கே இயற்கணிதத்தின் உயிர்நிலை. அதற்கு எழுத்துக்குறி எதுவும் வேண்டப்படவில்லை; அளவுகளுக்கு நிலையான பெயர்கள் மட்டுமே வேண்டப்பட்டன.

யோகத்தின் வர்க்கத்திலிருந்து பெருக்குத்தொகையின் நான்கு மடங்கு களையப்படுவது ஏன் என்னும் வினாவுக்கு வடிவங்களைக் கொண்டு விடை காண்பதும் இம்மரபின் இயல்பாகும். பக்கம் 12 அளவுள்ள ஒரு சதுரத்தின் விளிம்புகளை ஒட்டி, 7க்கு 5 அளவுள்ள நான்கு நீள்சதுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வைத்தால், நடுவில் பக்கம் 2 அளவுள்ள சிறுசதுரம் ஒன்று எஞ்சும். அவ்வெச்சமே அந்தரத்தின் வர்க்கம். 7, 5 என்னும் எண்கள் மாறினாலும் வடிவம் மாறாது. ஓர் எடுத்துக்காட்டில் கண்டது எல்லா எண்களுக்கும் உரிய உண்மை என்பதைக் கண்ணே கண்டுகொள்ளும். ‘மாறி’ என்னும் இன்றைய சொல் உணர்த்தும் பொதுமை இங்குப் படத்தின் வாயிலாகப் பெறப்படுகிறது.

இருபத்தொரு வினாக்கள்

சித்ரபானு இவ்வினாக்களை விரித்தார். ஐந்து செய்திகளோடு கனங்களின் கூட்டுத்தொகை, கனங்களின் வேறுபாடு ஆகிய இரண்டையும் சேர்த்தார். ஏழு செய்திகளிலிருந்து இரண்டைத் தெரிவு செய்யும் வகைகள் 21. இருபத்தொரு வினாக்களும் அவற்றின் விடைகளும் அடங்கிய அவருடைய பகுதி கிரியாக்கிரமகரியின் வழியாகக் கிடைத்துள்ளது. தகாவோ ஹயாஷி, தகனோரி குசுபா ஆகிய இரு ஜப்பானிய ஆய்வாளர் 1998இல் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர்.

மேற்கண்ட எண்களுக்குக் கனங்களின் கூட்டுத்தொகை 468, வேறுபாடு 218. யோகமும் கனங்களின் கூட்டுத்தொகையும் தெரியுமானால், யோகத்தின் கனமாகிய 1728இலிருந்து 468ஐக் களைய 1260 எஞ்சும். இது யோகத்தையும் பெருக்குத்தொகையையும் பெருக்கி மும்மடங்காக்கியதற்குச் சமம். 1260ஐ 36ஆல் வகுத்தால் பெருக்குத்தொகை 35 கிடைக்கும்; வினா முன்னர்க் கண்ட வகைக்குள் வந்துவிடும்.

எல்லா வினாக்களும் இவ்வாறு எளிதில் அடங்குவன அல்ல. வர்க்கங்களின் கூட்டுத்தொகையும் கனங்களின் கூட்டுத்தொகையும் மட்டும் தெரியும் வினாவில், யோகத்தைக் காணப் புகுந்தால் அதன் கனமும் அதுவும் கலந்த முப்படிச் சமன்பாடு எழுகிறது. பெயர்களைக் கொண்டு நடத்தும் கணக்கு இங்குத் தன் எல்லையைத் தொடுகிறது. எனினும் இதனைக் குறியீடின்மையால் நேர்ந்த பின்தங்கலாகக் கருதுதல் பொருந்தாது. முப்படிச் சமன்பாட்டுக்குரிய தீர்வை இத்தாலியில் கார்டானோ 1545இல் வெளியிட்டபோது அவரும் பெரும்பாலும் சொற்களிலேயே எழுதினார். அறியாத எண்ணை அரபுக் கணிதர் ‘பொருள்’ என்னும் பொதுச்சொல்லால் சுட்டினர். இத்தாலியரும் அதற்கு ஈடான சொல்லையே ஆண்டனர். அறிந்த அளவுகளையும் அறியாத அளவுகளையும் எழுத்துகளால் குறிக்கும் முறையை வியட் 1591இல் நிறுவினார். இன்றைய வடிவம் தெகார்த்தின் 1637ஆம் ஆண்டு நூலோடு பரவியது. கொச்சியில் தமிழ் அச்சேறிய 1579இல் ஐரோப்பாவிலும் எழுத்துக் கணிதம் நிலைபெறவில்லை என்பது இவ்வாண்டுகளால் தெளிவாகிறது.

இனமும் இனமல்லாததும்

பெயர்களை வைத்துக் கணக்கிடுங்கால் எவற்றை எவற்றோடு சேர்க்கலாம் என்னும் வரையறை இன்றியமையாதது. இந்தியக் கணிதத்தில் இவ்வரையறை பழமையானது. பிரமகுப்தர் 628இல் இயற்றிய நூலில் அறியாத அளவுகளுக்கு நிறப்பெயர்கள் வழங்கின. பாஸ்கரர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய ‘பீஜகணித’த்தில் முதல் அறியா எண் ‘யாவத்தாவத்’ எனப்படுகிறது. ‘எத்தனையோ அத்தனை’ என அதனைத் தமிழ்ப்படுத்தலாம். அடுத்தடுத்த அறியா எண்கள் கருமை, நீலம், மஞ்சள், செம்மை என நிறங்களின் பெயரைப் பெறுகின்றன. பெயர்களின் முதலெழுத்தே குறியாகவும் நின்றது. ஓரினத்தனவற்றையே கூட்டவும் களையவும் வேண்டும் என்பதும், வேற்றினத்தனவற்றைத் தனித்தனியே நிறுத்தவேண்டும் என்பதும் பாஸ்கரர் கூறும் விதியாகும்.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இவ்விதி புதியதன்று. உயர்திணைப் பெயர் அஃறிணை வினை கொள்ளின் அது திணை வழு என்பதைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வரையறுக்கும். மூன்று நீலமும் இரண்டு நீலமும் கூடி ஐந்து நீலமாகும். மூன்று நீலமும் இரண்டு மஞ்சளும் கூடி ஐந்தாகா. அவற்றை ஐந்தெனக் கூறுதல் கணிதத்தில் நேரும் திணை வழு எனலாம். ‘ஒத்த உறுப்புகள்’, ‘மாறுபட்ட உறுப்புகள்’ என்று பள்ளிப் பாடநூல் கூறும் பாகுபாடு, இலக்கண மாணவர் நெடுங்காலமாக அறிந்த இனப் பாகுபாட்டின் மற்றொரு வடிவமேயாகும்.

தமிழ்க் கணக்கு நூல்கள்

தமிழ் மரபில் இத்தகைய கணக்கு இருந்ததா என்னும் வினா இங்கு எழும். காரிநாயனார் இயற்றிய ‘கணக்கதிகாரம்’, நாவிலிப் பெருமாள் இயற்றிய ‘ஆஸ்தான கோலாகலம்’ முதலிய நூல்கள் அச்சில் கிடைக்கின்றன. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் மனப்பாடமாகப் பயிற்றப்பட்டன. கணக்கதிகாரம் பொன், நெல், நிலம், கல், காலம் எனப் பொருள்தோறும் அளவுகளை வகுத்துச் செய்யுளில் விதி கூறுகிறது.

பலாப்பழத்தை அறுக்காமலேயே அதன் சுளைகளை எண்ணும் விதி அந்நூலில் புகழ்பெற்றது. காம்பைச் சூழ்ந்துள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் வருவது சுளைகளின் தொகை என்பது அவ்விதி. முட்கள் 100 ஆயின் சுளைகள் 120 எனக் கொள்ளப்படும். இயற்கையில் எல்லாப் பழங்களுக்கும் இது பொருந்துமா என்பது வேறு வினா. கணித நோக்கில் இது முழுமையான இயற்கணிதக் கோவையாகும். முள்ளின் தொகை பழத்துக்குப் பழம் மாறுவது. ஆறின்கீழ் ஐந்து என்னும் மடங்கு மாறாதது. ‘மாறி’யும் ‘கெழு’வும் செய்யுளுக்குள்ளேயே உள்ளன, அப்பெயர்கள் மட்டுமே இல்லை.

வட்டத்தின் பரப்பைக் காணும் விதியும் இவ்வாறே. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கப் பரப்பு வரும் எனத் தமிழ்ச் செய்யுள் கூறுகிறது. விதி பிழையற்றது. அது ஏன் மெய்யாகிறது என்பதைச் செய்யுள் கூறுவதில்லை. யுக்திபாஷையோ வட்டத்தை நடுவிலிருந்து கூரிய துண்டுகளாகப் பிளந்து, ஒரு பாதியின் துண்டுகளை மறுபாதியின் துண்டுகளுக்கிடையே செருகி நீள்சதுரமாக்கிக் காட்டுகிறது. நீள்சதுரத்தின் ஒரு பக்கம் பாதிச் சுற்றளவு. மறுபக்கம் பாதி விட்டம். விதி ஒன்றே, ஒரு மொழியில் அது கட்டளையாக நிற்கிறது, மற்றொரு மொழியில் அது விளக்கமாக விரிகிறது.

இவ்வேறுபாடு அறிவுத்திறத்தால் நேர்ந்ததெனக் கொள்ளுதல் தவறாகும். நூல்களின் பயன்பாடு வேறு. கணக்கதிகாரம் ஊர்க்கணக்கருக்கும் வணிகருக்கும் களத்தில் உதவும் நூல். அவர்களுக்கு விதி நினைவில் நிற்றலே முதன்மையானது. யுக்திபாஷை வானியல் கணிப்பை மேற்கொள்ளும் மாணாக்கர்க்கு ஆசிரியர் கூறும் விளக்கம். எனினும் ஒன்றை மறுத்தற்கில்லை. சூத்திரத்துக்குக் காரணம் கேட்டும், தடை எழுப்பியும், விடை இறுத்தும் எழுதும் உரைமரபைத் தமிழ் மிகுதியாகப் பெற்றிருந்தது. சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் சொல்லுக்கும் பொருளுக்கும் செய்த அப்பணி கணக்குக்குச் செய்யப்படவில்லை. அச்சில் கிடைக்கும் கணக்கு நூல்களின் உரைகள் பெரிதும் விதியை விரித்து, எண்ணை இட்டுக் காட்டுவதோடு நிற்கின்றன.

1855: வீசகணிதம்

தமிழில் இயற்கணிதம் தனி நூலாக அச்சேறியது யாழ்ப்பாணத்திலாகும். வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்று அங்கேயே கணிதம் பயிற்றிய கறல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ என்னும் நூலை வெளியிட்டார். வடமொழிப் ‘பீஜம்’ தமிழ் ஒலிமரபுக்கேற்ப ‘வீசம்’ எனத் திரிந்தது. பதினாறில் ஒரு பங்கைக் குறிக்கும் வீசம் என்னும் சொல்லை நாள்தோறும் ஆண்ட மக்களுக்கு இப்பெயர் செவிக்குப் பழகியதாகவே இருந்திருக்கும்.

விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறினர். இருவரும் ஒரே கல்விச்சூழலில் வளர்ந்தவர்கள். தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்துத் தமிழ்ப் பதிப்புலகில் நிலைத்த புகழ் பெற்றார். அவருடன் தேறியவரின் வீசகணிதமோ தமிழ்த் துறைகளின் பாடத்திட்டத்திலும் இலக்கிய வரலாற்று நூல்களிலும் அரிதாகவே பேசப்படுகிறது. பழைய நூல்களை மீட்டெடுத்தல் தமிழ்ப்பணி என்றும், புதிய அறிவைத் தமிழில் எழுதுதல் மொழிபெயர்ப்புப் பணி என்றும் பிரித்துக் காணும் மனப்பான்மை இம்மறதிக்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

கோவை, உறுப்பு, கெழு

இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொல்லாக்கம் இயக்கமாக வளர்ந்தது. 1916இல் சேலத்தில் தமிழ் அறிவியற் சொற்களுக்கெனத் தனிச் சங்கம் தோன்றியது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. தமிழகப் பாடநூல்களில் இயற்கணிதம், மாறி, மாறிலி, கோவை, உறுப்பு, கெழு, சமன்பாடு முதலிய சொற்கள் நிலைபெற்றன. இலங்கையில் அட்சரகணிதம், குணகம் என்னும் வழக்குகள் தொடர்கின்றன. மலையாளப் பாடநூல்களில் பீஜகணிதம், பதம், குணகம், சமவாக்கியம் ஆகிய சொற்கள் இடம்பெறுகின்றன. கொச்சியில் பயிலும் தமிழ்க் குடும்பத்து மாணவர் ஒருவர் ‘உறுப்பு’ எனத் தமிழகத்தில் கூறப்படுவதைப் ‘பதம்’ என்று பயில்கிறார். தமிழில் பதம் என்பது சொல். ஒரு மொழி கோவையை உடலாகவும் மற்றொரு மொழி அதனைத் தொடராகவும் காண்பது இதனால் விளங்கும்.

தமிழகச் சொற்களுள் சில ஆழ்ந்த வேர்களை உடையன. ‘கோவை’ என்பது கோக்கப்பட்டது. துறைகள் ஒழுங்குபடக் கோக்கப்பட்ட இலக்கிய வகைக்கும் அதுவே பெயர். நானூறு செய்யுட்களையுடைய திருக்கோவையார் அதற்குச் சான்று. கூட்டல் குறியாலும் கழித்தல் குறியாலும் கோக்கப்பட்ட அளவுகளின் வரிசைக்கு இப்பெயர் முற்றும் பொருந்துகிறது. ‘உறுப்பு’ என்னும் சொல் தொல்காப்பியச் செய்யுளியலை நினைவூட்டுகிறது. மாத்திரை முதலாக முப்பத்துநான்கு உறுப்புகளைக் கொண்டது செய்யுள் என்பது அவ்வியலின் கொள்கை. உறுப்பு தனித்து நின்று பொருள்தரும் பகுதியன்று. முழுமையோடு கொண்ட தொடர்பால் பொருள்பெறும் பகுதி. கணிதக் கோவையிலும் நிலை அதுவே.

‘கெழு’ என்னும் சொல் மேலும் சுவையானது. ‘பொருந்திய’ என்னும் பொருளில் இது சங்க இலக்கியத்தில் பயின்று வருகிறது. மாறியோடு பொருந்தி நிற்கும் எண்ணுக்கு இது பெயராயிற்று. தொல்காப்பிய உரியியலோ கெழு என்னும் உரிச்சொல்லுக்கு நிறம் என்னும் பொருளையும் கூறுகிறது. வடமொழிக் கணிதத்தில் அறியா எண்கள் நிறப்பெயர் பெற்றமை முன்னர்க் கூறப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்து வரலாற்றுத் தொடர்பு கற்பித்தல் முறையன்று. அங்கு நிறம் அறியா எண்ணுக்குப் பெயர், இங்குக் கெழு அறிந்த எண்ணுக்குப் பெயர். தற்செயலான ஒற்றுமையே எனினும், சொல்லைத் தேர்ந்தெடுத்தோர் பழைய சொல்வளத்துக்குள் நின்றே புதிய பொருளைத் தேடினர் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டாகிறது.

சொற்கள் இத்துணைச் சிறப்புடையனவாயினும் வகுப்பறையில் அவை வெறும் பெயர்ப்பலகைகளாக நின்றுவிடுகின்றன. கோவை ஏன் கோவை எனப்பட்டது, ஒத்த உறுப்புகளை மட்டும் ஏன் கூட்டவேண்டும் என்னும் வினாக்களுக்கு விடைதரும் உரைநடை தமிழில் போதிய அளவு வளரவில்லை. சொல் கிடைத்தது, யுக்தி கிடைக்கவில்லை.

1948: கொச்சியில் ஒரு பதிப்பு

யுக்திபாஷை ஓலையிலிருந்து நூலான வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. கேரளக் கணிதரின் நூல்களை ஐரோப்பிய உலகுக்கு அறிவித்த கட்டுரையை, மலபாரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்த சார்லஸ் விஷ் எழுதினார். அது 1834இல் இலண்டனில் வெளிவந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக யுக்திபாஷை அச்சேறவில்லை. கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த இராமவர்ம மரு தம்புரானும் அ. இர. அகிலேசுவர ஐயரும் அதன் முதற்பகுதியை விரிவான மலையாள விளக்கக் குறிப்புகளோடு 1948இல் பதிப்பித்தனர். திருச்சூர் மங்களோதயம் அச்சகம் அதனை வெளியிட்டது. 1949 ஜூலை 1இல் கொச்சி, திருவிதாங்கூரோடு இணைந்தது. மட்டாஞ்சேரி அரண்மனையை முடியேற்பு மண்டபமாகக் கொண்டிருந்த அரச மரபு தன் ஆட்சியின் இறுதிக் கட்டத்தில் விட்டுச்சென்ற அறிவுக்கொடை இப்பதிப்பு எனலாம்.

அப்பதிப்பின் சிறப்பு குறிப்புகளில் உள்ளது. ஜ்யேஷ்டதேவர் சொற்களில் கூறியவற்றைப் பதிப்பாசிரியர் இக்காலக் கணிதக் குறியீடுகளைக் கொண்டும் விளக்கினர். பழைய நூல் பழம்பொருளாகக் காட்சிக்கு வைக்கப்படாமல், கணிதம் அறிந்தோர் சரிபார்க்கத்தக்க நூலாக மாறியது. சென்னையில் கணிதப் பேராசிரியராக விளங்கிய சி. டி. ராஜகோபால் 1944இல் முகுந்த மாராருடன் இணைந்தும், பின்னர் வேறு அறிஞர்களுடன் இணைந்தும் இம்மரபு குறித்து எழுதிய கட்டுரைகள் உலகக் கணித வரலாற்றாசிரியரின் கவனத்தை ஈர்த்தன. 1953இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் யுக்திபாஷையை வெளியிட்டது. கே. வி. சர்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அவர் மறைவுக்குப்பின் 2008இல் விரிவான கணித விளக்கங்களோடு வெளிவந்தது. மொழியறிஞரும் கணித அறிஞரும் ஒருங்கே உழைத்தமையே இப்பணிகள் யாவற்றுக்கும் பொதுவானது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. இயற்கணிதத்தின் உயிர் எழுத்துக்குறியில் இல்லை. அறியாததற்குப் பெயரிட்டு, ஓரினத்தனவற்றைச் சேர்த்து, அறிந்ததை நோக்கிச் சுருக்கிச் செல்லும் ஒழுங்கில் உள்ளது. இவ்வொழுங்கு பதினாறாம் நூற்றாண்டிலேயே மலையாள உரைநடையில் விளக்கமாக எழுதப்பட்டது. தமிழ்க் கணக்கு நூல்களில் அதே ஒழுங்கு விதிகளுக்குள் பொதிந்து கிடக்கிறது. அதனை வெளிக்கொணரும் உரை எழுதப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் கலைச்சொல்லாக்கம் தகுதியான சொற்களைத் தந்தது. ஆயின் காரணம் கூறும் உரைநடையைத் தந்ததெனக் கூறுதற்கில்லை.

கலைச்சொல் பட்டியலோடு தமிழ்த் துறையின் கடமை நிறைவெய்திவிடாது. கணக்கதிகாரம் முதலிய நூல்களுக்குக் கணித அறிஞரோடு இணைந்து காரணம் கூறும் புத்துரைகள் எழுதப்படல் வேண்டும். வீசகணிதம் மறுபதிப்புப் பெறுதலும், அதன் சொற்கள் பின்வந்த சொற்களோடு ஒப்பிட்டு ஆராயப்படுதலும் வேண்டும். யுக்திபாஷையின் பத்து வினாக்கள் தமிழில் விளக்கமாகப் பெயர்க்கப்படின், கோவையைச் சுருக்கக் கற்கும் பள்ளி மாணவர்க்கும் அது பயன்படும். ‘கூட்டுக’, ‘களைக’ என்னும் பொருளில் அந்நூல் ஆளும் மலையாள வினைச்சொற்கள் தமிழ் மாணவர் செவிக்கு அயலானவை அல்ல. நடுவில் உள்ள தொலைவு மொழியால் நேர்ந்ததன்று, எழுதப்படாமையால் நேர்ந்தது. எழுதுவதன் வாயிலாக அதனைக் குறைக்க முடியும்.